நீ கேட்ட சொல்லை நான் எழுத மாட்டேன்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், இலை போடுவதற்கு முன்னாலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டிவி மேலே வைத்தாய். "பையர் மெயில்மா. பதில் நீங்கதான் எழுதணும், நான் எழுதினா சொதப்பிரும்" என்றாய். எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே டைப் பண்ணி அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு நாலைந்து தடவை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், பேனாவை மாற்றினேன், டீ போட்டுக் குடித்தேன். ஒரு வரி வரவில்லை. இன்றைக்கு உட்கார்ந்ததும் கடகடவென்று வருகிறது, ஆனால் தமிழில் வருகிறது, உன்னைப் பார்த்து வருகிறது. நீ கேட்டது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம். உனக்குக் கிடைப்பது இது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா, வச்சிரட்டுமா" என்று மூன்றாவது வாக்கியத்திலேயே கதவைச் சாத்துகிறவன். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் உன் காரியத்தை நானே ஒரு தடவை நேராகச் சொல்லிப் பார்க்கிறேன், தவறாக இருந்தால் திருத்து. பெருமாநல்லூரில் உன் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான பனியன் தைக்கிறீர்கள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாத பஞ்சில் நூற்ற நூல் என்று சொல்லித்தான் அந்த ஆர்டர் வந்தது, சட்டையின் கழுத்திலும் அப்படித்தான் லேபிள் தைத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த சரக்கில் சிலதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சிமருந்தின் மிச்சம் தெரிந்திருக்கிறது. பையர் கம்பெனியிலிருந்து மெயில் போட்ட அம்மாள் கோபமில்லாமல்தான் எழுதியிருக்கிறாள். நூல் அடல்ட்டரேட் செய்யப்பட்டதா, யார் செய்தது, எந்த இடத்தில் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீ சொல்லச் சொன்ன பதில், அடல்ட்டரேட் எல்லாம் இல்லை, நூல் மில்லில் வைத்துக் கொஞ்சம் கன்டாமினேட் ஆகியிருக்கலாம் என்பது. "அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திட்டு, சுத்தி நல்லா எழுதிருங்கம்மா" என்று, கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாய்.

உனக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியும். தெரியாது என்று நீ சொன்னால் நான் சிரித்துவிடுவேன், ஏனென்றால் அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மண்ணரையிலிருந்து உன் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது நாம் ஒரு விளையாட்டு விளையாடுவோமே, நான் ஒரு இங்கிலீஷ் சொல் சொன்னால் நீ அதே பொருளில் இன்னொன்று சொல்லவேண்டும், நீ தோற்றால் அன்றைக்கு உன் பையை நீயே சுமக்கவேண்டும். மற்ற பிள்ளைகளுக்குப் பூவும் பறவையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எக்ஸ்போர்ட் ஆபீஸில் பையருக்குப் பதில் எழுதுகிறவள், எனக்கு வாய்த்த சொல்லெல்லாம் கெட்டுப்போவதும் கெடுப்பதும்தான். அதனால் உனக்கும் அதுதான் கிடைத்தது. டைல்யூட் என்றால் பாலில் தண்ணீர். டிபேஸ் என்றால் அந்தக் காலத்து ராஜாக்கள் பொற்காசில் செம்பைக் கலந்து மதிப்பைக் குறைப்பது. டாம்பர் என்றால் மூடி வைத்த ஒன்றில் யாரோ கை வைப்பது. டெயின்ட் என்றால் கொஞ்சமாகப் பட்டாலும் முழுசையும் வேண்டாம் என்று சொல்ல வைக்கும் கறை. கரப்ட் என்றால் உள்ளேயிருந்தே அழுகுவது. பொல்யூட் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை, சாயத்தண்ணீர் ஓடுகிற ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக நீயே பார்த்துக்கொண்டாய். டாக்டர் என்பதற்கும் இங்கிலீஷில் அந்த வேலை உண்டு, இருப்பதைத் திருத்தித் தில்லுமுல்லு செய்வது என்று சொன்ன அன்றைக்கு, "அப்போ எனக்கு ஊசி போட்ட டாக்டரு?" என்று கேட்டாய். "அவரும் சில நேரம் அதான்யா செய்வாரு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அப்போதே ஒன்று உனக்குச் சொன்னேன், நீ மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும், ஆனால் ஒன்றில்லை. உன் மேஜையில் ஷேடு கார்டு இருக்கிறதல்லவா, நீலத்திலேயே எத்தனை நீலம். சாயப்பட்டறைக்காரர் பக்கத்து நீலத்தைப் போட்டுவிட்டு "எல்லாம் நீலந்தானுங்க" என்றால் நீ ஒத்துக்கொள்வாயா? சரக்கைத் திருப்பி அனுப்புவாய். கன்டாமினேட் என்பதில் ஏதோ ஒன்று தவறி வந்து விழுந்துவிடுகிறது. கவனக்குறைவு இருக்கும், நோக்கம் இருக்காது. அடல்ட்டரேட் என்பதில் ஒரு ஆள் இருக்கிறார். நல்லதோடு மட்டத்தைச் சேர்த்து, நல்லது என்ற பெயரிலேயே விற்கிற ஆள். அந்த அம்மாள் கேட்டது ஆள் யார் என்று. நீ சொல்லச் சொன்ன பதிலில் ஆளே இல்லை என்று இருந்தால்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்வேன். அதில் சம்பந்தமே இல்லாத மில்காரர்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய்.

நான் ஒன்றும் யோக்கியச் சிகாமணி இல்லை. வருஷக்கணக்காக அந்த ஆபீஸில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சொல்லை ஒரு ஷேடு குறைத்துப் போடத்தான். நிட்டிங் மெஷின் எண்ணெய் பட்டுச் சாம்பல் நிற டீ-ஷர்ட் எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்ததைப் பார்த்து ஒரு பையர், சரக்கை நாசமாக்கிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தான். நான் அழுக்கு பட்டிருக்கிறது என்று எழுதினேன். பழைய முதலாளி உருப்படி உருப்படியாகத் துவைத்துக் கொடுத்தார், கறை போயிற்று. துவைத்தால் போகிற கறைக்கு நாசம் என்பது அதிகப்படியான சொல், அதைக் குறைத்ததில் எனக்கு வெட்கமில்லை. எல்லாத் தடவையும் அவ்வளவு சுத்தமாக இருந்தேனா என்று கேட்டால், சில தடவை துணியைவிட என் சொல் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். நம் தவற்றை லேசாகச் சொல்லியிருக்கிறேனே தவிர, அடுத்தவர் தலையில் தூக்கி வைத்ததில்லை. பழைய முதலாளியும் அதைக் கேட்டதில்லை. உன் முதலாளி கேட்கிறார், நீ அதைக் கொண்டுவந்து என் வீட்டு டிவி மேல் வைக்கிறாய்.

நடந்தது என்னவென்று நம் இருவருக்கும் தெரியும். ஆர்டர் முடிகிற நேரத்தில் நூல் ஷார்ட் விழுந்தது. திருப்பூரில் ஷார்ட் விழாத ஆர்டர் உண்டா? நிட்டிங்கில் கொஞ்சம் வேஸ்ட், கட்டிங்கில் கொஞ்சம் வேஸ்ட், கடைசியில் சில மூட்டை குறையும், கப்பல் நமக்காக நிற்காது. அப்போது இந்த ஊரில் எல்லோரும் என்ன செய்வார்களோ அதை நீ செய்தாய். நூல் கடைக்குப் போன் போட்டு, அதே கவுண்ட், அதே பருமன் நூலை வாங்கி மெஷினில் ஏற்றிவிட்டாய். சாதா ஆர்டருக்கு அது கெட்டிக்காரத்தனம். அதைச் செய்யத் தெரியாதவனை இங்கே ஆர்டர் பார்க்கிற மெர்ச்சன்டைசர் என்றே சொல்லமாட்டார்கள். கை பழகிய வேகத்தில், இந்த ஆர்டருக்கு மருந்தடித்த சாதாப் பஞ்சில் நூற்ற அந்தக் கடை நூல் ஆகாது என்ற ஒன்று உனக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே, "நூல் ஷார்ட் ஆயிருச்சும்மா, லோக்கல்ல வாங்கிப் போட்டு கரெக்ட் டைமுக்கு அனுப்பிட்டேன்" என்று நீ சொன்னபோது, "என் மவன்னா சும்மாவா" என்று இன்னொரு மீன் துண்டை உன் தட்டில் வைத்தவள் நான். அதனால் உன்னைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழக்கதோஷத்தில் செய்தாய். ஆனால் தெரிந்த பிறகு செய்கிற காரியம் பழக்கதோஷத்தில் சேராது.

உன் அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. அவர் டீக்கடைப் பாலில் தண்ணீர் சேர்ப்பார். அதை அவர் ஒளித்ததும் இல்லை, குடிக்கிறவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. "முழுப் பால்ல டீ போட்டா உனக்கும் கட்டாது எனக்கும் கட்டாது அண்ணாச்சி" என்று கஸ்டமரிடமே சொல்லுகிற மனுஷர். ஆனால் காலையில் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து டம்ளரோடு வந்து, பிள்ளைக்குப் பால் என்று கேட்கிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பாத்திரம் மூடி வைத்திருப்பார். அதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. ஒரு தடவை அவசரத்தில் நீ அந்தப் பாத்திரத்துப் பாலை எடுத்து டீக்கு ஊற்றிவிட்டு, குறைந்ததைச் சரிக்கட்ட டீப் பாலை அதில் ஊற்றிவிட்டாய். "ஏல, பச்சப்புள்ள குடிக்கிறதுல கை வச்சிட்டியே" என்று பாத்திரத்தோடு எல்லாப் பாலையும் டீக்கு எடுத்துக்கொண்டு, வந்தவர்களிடம் இன்றைக்குப் பால் இல்லை என்று சொல்லி அனுப்பினார். காரணத்தையும் சொன்னார். "என் மவன் தெரியாம கலந்துட்டான்." உனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது, சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் டம்ளரோடு வந்தவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை.

இப்போது புஷ்பத்துக்கு வருகிறேன். நீ இந்தக் கடிதத்தில் அவள் பெயரைத் தேடிக்கொண்டே படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த புதிதில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தும் ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. அவிநாசிப் பக்கத்து மில்லில் பஞ்சு பொறுக்குகிற டேபிளில்தான் முதலில் சேர்ந்தேன். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கொட்டுவார்கள், பெண்கள் சுற்றி நின்று சாக்கு நூல், தலைமுடி, கோழி இறகு, மிட்டாய்த் தாள் என்று கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துப் போடவேண்டும். அந்தக் குப்பைக்கே மில்லில் கன்டாமினேஷன் என்றுதான் பெயர். எனக்குப் பக்கத்தில் நின்றவள் புஷ்பம். எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்து நான் போய்விட்டேன், அவள் இன்றுவரை அதே டேபிளில் நிற்கிறாள். நம் லைன் வீட்டில் பக்கத்து வாசல். அவள் நைட் ஷிஃப்ட் போன நாட்களில் பகலில் உன்னை அவள்தான் பார்த்துக்கொண்டாள், தூங்கவேண்டிய நேரத்தில் உனக்குச் சோறு ஊட்டினாள். நீ பேசத் தொடங்கி என்னை அம்மா என்றும் அவளைச் சித்தி என்றும் கூப்பிட்டாய், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் ஆர்டருக்கு நூல் கொடுத்தது அந்த மில்தான். அந்த ஆர்கானிக் பேலைப் பிரித்தது அந்த டேபிள்தான். மில்லில் கலந்துவிட்டது என்று நீ எழுதினால், மில்காரர்கள் முதலில் போய் நிற்கிற இடம் அந்த டேபிள். இதை நான் ஞாயிற்றுக்கிழமையே கேட்டேன். "மில்லுல எத்தனையோ பேரு இருக்காங்கம்மா, சித்திக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய்.

செவ்வாய்க்கிழமை உன் முதலாளியே எனக்குப் போன் பண்ணினார். நல்ல மனிதர்தான், மரியாதைக்குக் குறைவில்லை. "ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா, கல்யாண வேலையெல்லாம் எப்படிங்க போகுது" என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தம்பி சொல்லியிருப்பாருங்க. நீங்க எழுதினா அந்தப் பக்கம் அடங்கிப் போயிருவாங்கன்னு ஊரே சொல்லுதுங்க. ஒரே ஒரு வார்த்தைதானுங்களே, மாத்திப் போட்டா யாருக்குங்க நட்டம்?"

"மில்லுக்காரங்களுக்குங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கும் இந்த ஊர் 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அவங்க பெரிய மில்லுங்கம்மா. ஒரு லெட்டருக்கு ஆடிப் போயிருவாங்களா?"

"மில்லு ஆடாதுங்க. மில்லுல கடைசியில நிக்கிறவங்கதான் விழுவாங்க."

குரலைத் தாழ்த்தி, "நம்ம தம்பியை இந்த வருசம் மேனேஜராப் போடலாம்னு இருக்குறனுங்க. இந்த நேரத்துல அவரு பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னுதானுங்க சொல்றேன்" என்றார். மிரட்டலா என்றால் மிரட்டல் இல்லை. உன் மேல் பிரியமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னபோது அவர்கூட, "ஏட்டி, புள்ளைக்குக் கல்யாணம் கிட்ட வந்துட்டு. முடியட்டும், பெறவு என்னவும் எழுது" என்றார். எனக்கும் ஒரு நாள் முழுக்க மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது. பெற்ற வயிறு அப்படித்தான் கணக்குப் பார்க்கும், அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்கு முன்னாலேயே புஷ்பம் மில்லிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் திறக்காமல் கனமாக இருந்தது. மேனேஜர் அந்த டேபிள் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது, ஆர்கானிக் பேலில் சாதாப் பஞ்சைக் கலந்துவிட்டீர்களாம், விசாரித்து முடிகிற வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. "நாங்க பேலு மாத்திப் போடுதவளாக்கா? பேலு வண்டியில வரும், அவங்கதான் பிரிச்சுக் கொட்டுவாவ, நாங்க பொறுக்குவோம். அந்த மேனேஜருக்கும் இது தெரியும். ஆனா யாரையாவது காட்டணும்லா" என்றாள். அழவில்லை. அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும், அதுவும் வரவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எழுதுட்டி" என்றார்.

ஆக, நான் பதில் எழுதுவதற்கு முன்னாலேயே உங்கள் ஆபீஸிலிருந்து யாரோ மில்லுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். அது நீயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் பயமும் சரிசமமாக இருக்கிறது. நீ என்றால் என்னிடம் நேராகச் சொல். நீ இல்லையென்றால், யார் என்று கேட்டு, நடந்தது அதுவல்ல என்று நீ திருப்பிப் போன் பண்ணு. இரண்டில் எதுவானாலும் அடுத்த வேலை உன்னுடையதுதான்.

என் முடிவைச் சொல்கிறேன். நீ கேட்ட பதிலை நான் எழுத மாட்டேன். வேறு யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும், இந்த ஊரில் இங்கிலீஷ் எழுதுகிறவர்களுக்கா பஞ்சம். அப்படி ஒரு பதில் போயிற்று என்று தெரிந்தால், நான் அடுத்த பஸ்ஸிலேயே மில்லுக்குப் போவேன். மேனேஜர் முன்னால் நின்று, நூல் ஷார்ட் விழுந்து கடையில் வாங்கிப் போட்டதை என் மகன் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், நான் கேட்டேன் என்று சொல்வேன். உன் பெயரோடு சொல்வேன். இது உன்னைப் பயமுறுத்த எழுதுவது என்று நினைக்காதே, உன் முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடாது என்றுதான் முன்னாலேயே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பீடத்தில், மூன்று ஞாயிறு வாசிக்கிற உன் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சாமியார் முதல் தடவை வாசித்தபோது, தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொன்னாரே, வருஷா வருஷம் யார் யாருக்கோ வாசித்துக் கேட்ட வாசகம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. இந்த விஷயம் உன் கல்யாணத்துக்குத் தடை இல்லை, ஆனால் அறிந்தவள் சொல்லாமல் இருப்பது என்பது அந்த வாசகத்தைக் கேட்ட பிறகு எனக்கு லேசாக இல்லை.

உண்மையை எழுதுவது என்று நீ முடிவு செய்தால், பேனாவோடு நான் தயார். முதல் வரி நீ எழுதவேண்டும். நூல் குறைந்தது, வெளியில் வாங்கிக் கலந்தோம், கலந்தது நான், மில்லுக்கு இதில் பங்கில்லை. இவ்வளவுதான் விஷயம், மற்ற மரியாதை வாக்கியங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் என்னை அடிக்க ஆளில்லை. அடல்ட்டரேட் என்ற சொல்லைக் கண்டு அஞ்சாதே. அந்தச் சொல்லில் ஒரு ஆள் இருக்கிறார் என்றேனே, ஆள் இருந்தால்தான் ஒத்துக்கொள்ளவும் திருத்தவும் முடியும். அந்தச் சட்டையை எந்தெந்தக் குழந்தைகள் போட்டிருக்கின்றனவோ, அந்த வீடுகளிலிருந்து அந்த அம்மாளால் அதைத் திரும்ப வாங்கவும் முடியும். பையர் போய்விடுவானா என்றால் போனாலும் போவான். மேனேஜர் வேலை போகுமா என்றால் அதுவும் போகலாம். உன் அப்பா அதற்கும் வழி சொல்லிவிட்டார்: "கடைக்கு ஒரு ஆளு வேணும்தான், வந்து டீ ஆத்தட்டும், ஆனா பிள்ளைப் பாலு கிட்ட விடமாட்டேன்." நீ கட்டப்போகிற பெண்ணிடம் இதை நீயே சொல்லிவிடு, மற்றவர் வாயால் அவள் கேட்கவேண்டாம். அவளும் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், குறை உள்ள துணியை எடுத்துத் தனியே வைக்கிற கை அவளுக்கும் இருக்கும். அவள் உன்னை வேண்டாம் என்று சொல்வாள் என்று நான் நம்பவில்லை. சொன்னால் உன்னோடு சேர்ந்து நானும் அழுவேன், அப்போதும் இந்தக் கடிதத்தைக் கிழிக்கமாட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைவிட ஆசை அதிகமாக இருக்கிறது. நீ பிறந்து இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எதையும் இவ்வளவு அழுத்தமாக மறுத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன். வரும்போது கையில் வெறும் தாள் கொண்டுவா, எழுதியது வேண்டாம்.

புஷ்பம் இப்போது இங்கேதான் இருக்கிறாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார முடியவில்லை என்று, உன் கல்யாண முறுக்குக்குச் சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எந்தக் கம்பெனி என்று அவளுக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லவில்லை, அது உன் வாயிலிருந்து வரவேண்டியது. நான் எழுதுவதை இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "யாருக்குக்கா, தம்பிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்போ இதையும் ஒரு வரி எழுதேன்க்கா. தம்பி பெரிய கம்பெனியில இருக்கான், நாலு மில்லுக்காரனைத் தெரியும். சித்தி அப்படிச் செய்யக்கூடியவ இல்லன்னு அந்த மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அவன் சொன்னா எடுபடும்லா."

எழுதிவிட்டேன்.

உன் அம்மா